தேதி ஒட்டாத போஸ்டர்

“போஸ்டர்னா என்ன தெரியுமாங்க? நடந்து போறவன் திரும்பிப் பாக்கணும்.”

“பாத்துட்டு?”

“நின்னுரணும்.”

“நின்னுட்டா அவரு வேலைக்கு எப்ப சார் போறது?”

கேள்வி கேட்டவள் ஷோபனா. மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் அப்போதுதான் டைப் அடிக்கச் சேர்ந்திருந்தாள். எதிரில் நின்றவன் ராஜராஜன். உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். சட்டையில் யூரியா மூட்டையின் வாடை. நாலாக மடித்த தாளில் நாடகத்தின் பெயரையும் நடிகர்களின் பெயர்களையும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் தாளைக் கொடுத்துவிட்டுப் போனவன், கொஞ்ச நேரத்தில் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு மறுபடி உள்ளே வந்தான். “யோசிச்சேங்க. நின்னா நிக்கட்டும். அவருக்கு லீவு லெட்டர் நான் எழுதிக் குடுத்துடறேன்” என்றான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்று ஷோபனா பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் சிரிப்பு வரும். இன்றைக்கு, இருபது வருஷம் கழித்து, தஞ்சாவூரில் எலும்பு டாக்டரின் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து அதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. கொட்டாவி வந்தது.

டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கழுத்தெலும்பு நல்லா தேஞ்சிருக்கும்மா. என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டாள்.

“டிசைனிங் டாக்டர். ஃபிளெக்ஸ், போஸ்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம்.”

“எவ்வளவு நேரம் கம்ப்யூட்டர்ல உக்காருவீங்க?”

“கடையில பகல் பூரா. அப்புறம் வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரு நாடகத்துக்கு.”

“ரெண்டுல ஒண்ணை விட்டுருங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் மருந்து எழுத ஆரம்பித்தாள். குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள் என்று சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். கழுத்துக்கு ஒரு பட்டையும் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு போனால் ஊரில் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள் என்று ஷோபனா அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இரண்டில் எதை விடுவது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. மகள் பூர்ணிமா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கடை வேலையை விட முடியாது. விட வேண்டியது நாடகத்தைத்தான். ஆனால் நாடகம் என்பது ஒரு போஸ்டரோடு முடிகிற சங்கதியா? பெரிய போஸ்டர், சின்ன நோட்டீஸ், டிக்கெட், மேடைக்குப் பின்னால் கட்டுகிற பேனர், வாட்ஸப்பில் வைக்க மூன்று அளவில் படம். வில்லன் வேஷம் போடுகிற வாத்தியார் தன் தலை கதாநாயகன் தலையைவிடச் சின்னதாகிவிட்டது என்று கோபித்துக்கொள்வார். சரி செய்தால், மண்டபம் தந்தவர் தன் மகன் படத்தையும் ஓரமாகப் போடச் சொல்வார். எல்லாம் முடிந்து கடைசியில் ராஜராஜன் முகம். கண்ணுக்குக் கீழே தொங்குகிற தோலை எடுத்து, மீசையைக் கறுப்பாக்கி, தாடையைச் செதுக்கி, பத்து வயதைக் குறைக்க வேண்டும். அவன் முகத்தின் ஒவ்வொரு மயிர்க்காலையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். நேரில் அந்த முகத்தைச் சாவகாசமாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தால் ஞாபகம் வருவதில்லை. கடையிலிருந்து அவள் வரும்போது அவன் ஒத்திகைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். அவன் திரும்பும்போது அவள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருப்பாள்.

அவனிடம் அவள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு வருஷம் நாடகம் போடாமல் இருக்க வேண்டும். நிரந்தரமாக விடச் சொல்ல அவளுக்கு மனசு வராது; மேடையில் அவன் நிற்கிற அழகை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை. ஒரே ஒரு வருஷம். ஐப்பசி மழையின்போது கேட்கலாம் என்று நினைத்துக் காபியோடு வந்தாள். “ஷோபி, புது நாடகம் கெடச்சிருச்சு. வாய்க்கால் காவலன். கடைமடைக்குத் தண்ணி வராம ராத்திரி பகலா வாய்க்கால் கரையிலயே கெடக்குற ஒரு மனுஷன். நான் பண்ண வேண்டிய வேஷம்டி” என்று அவன் கண் கலங்கச் சொன்னபோது காபியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாள். மார்கழியில் கேட்க நினைத்த அன்று, காவலனின் மனைவியாக நடிக்க வேண்டிய பெண் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று விலகிக்கொண்டாள். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவனிடம் எப்படிக் கேட்பது?

இனித் தள்ளிப்போட முடியாது. திருச்சியில் ஒரு கலை அமைப்பு இந்த நாடகத்தை மாசி தொடங்கி ஆடி வரை ஊர் ஊராகப் போட முன்வந்திருந்தது. இன்று சாயங்காலம் போன் செய்து முடிவைக் கேட்பார்கள். “நீ இருக்குற தைரியத்துலதான் சரின்னு சொல்லப் போறேன்” என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான். பாராட்டாகத்தான் சொன்னான். அதைக் கேட்டதும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவன் சரி என்று சொல்வதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று விடியுமுன் தஞ்சாவூர் முதல் பஸ்ஸில் ஏறும்போதே தீர்மானம் செய்துகொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வடுவூரைத் தாண்டியதும் ரோட்டின் பாதியை நெல் காயவைத்து அடைத்திருந்தார்கள். டிரைவர் வைதுகொண்டே ஓட்டினார். அறுத்த வயலில் வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிற இயந்திரம் போய்க்கொண்டிருந்தது. கிளினிக்கில் சத்தத்தை நிறுத்திய போன் பைக்குள் எக்ஸ்ரே கவருக்கு அடியில் கிடந்தது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல் தேடிக்கொண்டு வந்தாள்.

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் பூக்கார தர்மாம்பாள் எழுந்து வந்தாள். தினமும் கடைக்குப் போகிற வழியில் ஷோபனா அவளிடம்தான் பூ வாங்குவாள். தர்மாம்பாள் வந்த வேகத்தில் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

“எங்கடி போயிருந்த? ஊரே தேடுதே உன்னை.”

“தஞ்சாவூருக்கு... என்னக்கா ஆச்சு?”

“உனக்குத் தெரியாதா? பாவி மகளே, ஒருத்தரும் சொல்லலையா? உன் வீட்டுக்காரரு போயிட்டாரேடி.”

ஷோபனா தலையில் நேற்று வைத்த மல்லிகை வாடிக் கிடந்தது. தர்மாம்பாளின் கை தன்னையறியாமல் அதன் பக்கம் போய், பாதியில் நின்று, இறங்கிவிட்டது. அந்தக் கை நின்ற விதத்தில்தான் ஷோபனா நம்பினாள். போனை எடுத்துப் பார்த்தாள். எடுக்காத அழைப்புகள் திரை நிறைய இருந்தன. பூர்ணிமா, பூர்ணிமா, கடை, திருக்காட்டுப்பள்ளி அத்தை, மறுபடி பூர்ணிமா. விரல் எதையும் அழுத்தவில்லை. யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். யாரோ பையை வாங்கி உள்ளே வைத்தார்கள். ஓட்டுகிறவர் வீடு எங்கே என்று கேட்கவில்லை, தெரிந்திருந்தது. கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் ஓட்டினார்.

அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். அது வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. மாசிக்குப் போஸ்டர் இல்லை. பேனர் இல்லை. வாத்தியார் தலையைப் பெரிதாக்க வேண்டாம். கடைவிட்டு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள். தூங்கலாம். அந்த நினைப்பு ஒன்றன்பின் ஒன்றாக, குளிர்ந்த தண்ணீர் பாதத்திலிருந்து ஏறுவதுபோல ஏறியது. கோடையிலிருந்து விடாமல் வலித்துக்கொண்டிருந்த கழுத்து அந்த நிமிஷத்தில் வலிக்கவில்லை. தலையை இடது பக்கம் திருப்பினாள், திரும்பியது. அப்போதுதான் தான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆட்டோவின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

ஹரித்ராநதிக் குளத்தின் மேல்கரையில் திரும்பும்போது சுவரில் அவன் இருந்தான். வரிசையாக, ஆளுயரத்துக்கு, கறுப்பு வெள்ளையில், கண்ணைத் தாழ்த்தியபடி. கீழே கொட்டை எழுத்தில் ராஜராஜன். சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கரை.

“நிறுத்துங்க” என்றாள்.

அந்தச் சாம்பல் நிறத்தை அவள்தான் கலந்தாள். நெற்றியின் சுருக்கத்தை இந்த ஒரு தடவை மட்டும் எடுக்காமல் விட்டதும் அவள்தான். கலர் கலராகப் பத்துத் தலை போட்ட போஸ்டரை இப்போதெல்லாம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஒரே முகம், கறுப்பு வெள்ளை, பார்க்கிறவன் அப்படியே அசந்துவிட வேண்டும் என்று தோன்றி, போன வாரம் உட்கார்ந்து செய்தாள். நாடகத்தின் பெயரை வலதோரத்தில் நெடுக்காக, மங்கலான எழுத்தில் வைத்தாள். ராஜராஜனுக்கு அதற்குமேல் ஒரு யோசனை. முதல் நாள் வெறும் முகம் மட்டும் ஒட்டுவோம், ஊர் முழுக்க யார் எதற்கு என்று பேசட்டும், மறுநாள் தேதியும் மண்டபமும் போட்ட துண்டை அடியில் ஒட்டுவோம் என்றான். துண்டைத் தனியாக அடித்தார்கள். பெரிய போஸ்டரை அவள் எந்தக் கோப்பில் செய்தாள் என்பது இப்போது, சுவருக்கு முன்னால் நிற்கும்போதுதான் புரிந்தது. கடையில் தினமும் கண்ணீர் அஞ்சலி அடிக்கிற அதே கோப்பு. தூக்கக் கலக்கத்தில் அதைத் திறந்திருக்கிறாள். அதே கரை, அதே இடத்தில் முகம், அதே எழுத்து. பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டும்தான் இல்லை. கடை முதலாளி ஹஸ்ஸான் இருந்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பான். அவன் தங்கை கல்யாணத்துக்காகக் கூத்தாநல்லூரில் இருந்தான். ராஜராஜன் போனில் சின்னதாகப் பார்த்துவிட்டு “அபாரம்” என்று மட்டும் சொல்லியிருந்தான்.

கழுத்து மறுபடி வலிக்க ஆரம்பித்தது. “அவரு இருக்காருங்க. இது நாடகத்துக்கு” என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி வண்டி ஒன்று தெருவை அடைத்து நின்றது. அதில் வந்த இரண்டு பேருக்கும் ராஜராஜன் லுங்கியும் பனியனுமாக நின்று டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“யாருன்னே தெரியல சார், போன் வந்துச்சு, வந்தோம்” என்றார் ஒருவர்.

“வந்தது வந்துட்டீங்க, டீயைக் குடிங்க. இன்னொரு நாளைக்கு உங்களைத்தான் கூப்பிடுவேன், வேற யாரையும் கூப்பிட மாட்டேன்” என்றான்.

உரக்கடை முதலாளி பெரிய ரோஜா மாலையோடு வந்து, போடவும் முடியாமல் திருப்பி எடுத்துப்போகவும் முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷோபனாவைப் பார்த்ததும் ராஜராஜன் டீப் பாத்திரத்தோடு ஓடி வந்தான். “ஷோபி, வந்துட்டியா? கேட்டியா கதைய? பாப்பா அத்தனை தடவை கூப்பிட்டிருக்கா, போனையாவது எடுக்கக் கூடாதா? பாப்பா ஹாஸ்டல்ல அழுதுகிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டா. வீடியோ கால்ல வந்து மூஞ்சியக் காமிச்சப்புறம்தான் நம்புனா. நம்பிட்டுத் திட்டுனா பாரு, அப்படி ஒரு திட்டு.” அவன் முகம் பளபளவென்று இருந்தது. மேடையிலிருந்து கைதட்டலோடு இறங்கும்போது எப்படி இருக்குமோ அப்படி. அவன் கையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. பாத்திரத்தின் சூடா உடம்பின் சூடா என்று தெரியவில்லை. அவள் உள்ளே போய்ச் சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். எதற்காக அழுகிறோம் என்பதை மட்டும் பார்க்க மனமில்லாமல் அழுதாள்.

அதற்குமேல் அழ நேரமில்லை. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து அவனுடைய அத்தை நீலாம்பாள் ஒரு வேனில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வாசலில் கால் வைக்கும்போதே ஒப்பாரியை ஆரம்பித்தவள், எதிரில் நின்று கும்பிட்ட மருமகனைப் பார்த்து ஒரு வரியின் நடுவில் நிறுத்தினாள். பிறகு அவன் முதுகில் நாலு போட்டாள்.

“ஏண்டா டேய், வேன் வச்சுக்கிட்டு வந்திருக்கோம். வந்ததுக்கு ஒரு மரியாதை வேணாம்?”

“சாப்பிட்டுட்டுப் போங்கத்த.”

“ஆமா, கருமாதிச் சாப்பாட்டை உன் கையாலயே போடு.” ஷோபனாவிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “நீ என்னடி இப்படி வெளுத்துப்போய் நிக்கிற? செத்தவன் நல்லா இருக்கான், உன்னைப் பாத்தாத்தான் பயமா இருக்கு.”

வேனில் வந்தவர்களுக்குச் சோறு வடித்து, சாம்பார் வைத்து, அப்பளம் பொரித்துப் போட்டு அனுப்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அதற்குள் சுவரொட்டி ஒட்டுகிற பக்கிரி வந்து தூரத்திலேயே நின்றார். அச்சகத்தில் முந்தின நாள் அவருக்காக வைத்திருந்த போஸ்டர்க் கட்டை விடியற்காலம் எடுத்துப் பிரித்துப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். “அழுதுக்கிட்டே ஒட்டுனேன் சார். உங்களுக்காகத் தேரடியில ரெண்டு சேத்தே ஒட்டுனேன்” என்றார். துண்டை ஒட்ட மறுபடி வரச் சொன்னதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஒரு மனுஷனுக்கு ஒரு நாள்ல ரெண்டு தடவை ஒட்ட என்னால ஆகாது சார்.” பசை வாளியையும் தடவுகிற மட்டையையும் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் பைக்கில் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் ஒன்று கிழிக்க வேண்டும், இல்லை தேதி ஒட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“வா, நாமளே ஒட்டிருவோம்” என்றான் ராஜராஜன்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, டி.வி.எஸ்.ஸின் முன்னால் வாளியை வைத்து, பின்னால் துண்டுக் கட்டோடு அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். இப்படி ஒரே வண்டியில் சேர்ந்து போய் எவ்வளவு நாளாகிறது என்று அவளுக்கு நினைப்பு ஓடியது. பஸ் ஸ்டாண்டு சுவரை முதலில் முடித்தார்கள். அவள் பசை தடவ, அவன் துண்டை வைத்து உள்ளங்கையால் தேய்த்தான். நின்றிருந்த திருவாரூர் வண்டியிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, “என்ன சார், இன்னும் கெளம்பலையா?” என்று கேட்டார். “பாடி இங்கதான் இருக்கு, டிக்கெட் எடுத்தாத்தான் கெளம்பும். அடுத்த சனிக்கிழமை, மறக்காம வாங்க” என்றான் ராஜராஜன். பஸ்ஸே சிரித்தது. தர்மாம்பாள் பூக்கூடையிலிருந்து எழுந்து வந்து, இரண்டு முழம் மல்லிகையை ஷோபனாவின் தலையில் தன் கையாலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஹரித்ராநதிக் கரைக்கு வந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. குளத்திலிருந்து காற்று வந்தது. ஆள் நடமாட்டம் குறைவு. ராஜராஜன் பேசிக்கொண்டே இருந்தான்.

“உன் போஸ்டர் இன்னிக்கு எத்தனை போனுக்குப் போயிருக்கு தெரியுமா? பட்டுக்கோட்டையிலேருந்து ஒருத்தன் கூப்பிட்டு அழுவுறான். இருபது வருஷத்துல இந்த ஊரு என்னை இப்படித் தேடுனதே இல்ல ஷோபி. திருச்சிக்காரங்களும் மத்தியானமே மெசேஜ் போட்டுட்டாங்க, இதே டிசைனை எல்லா ஊருக்கும் வச்சுக்கலாமாம். ஒவ்வொரு ஊருக்கும் கொஞ்சம் மாத்தி மாத்திக் குடுத்தா நல்லா இருக்கும்னாங்க. நீ பாத்துக்குவேன்னு சொல்லியிருக்கேன்.”

அவள் மட்டையைப் பசையில் முக்கி, சுவரில் அவனுடைய பெரிய முகத்துக்கு அடியில் தடவினாள். தோள்பட்டையிலிருந்து விரல் நுனி வரை மரத்துப்போயிருந்தது. அவன் துண்டை எடுத்து வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். சுவரில் அந்த இடம் சொரசொரப்பு. காய்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நின்றபடி, தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினான்.

“ஷோபி, ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லணும்.”

“கேளுங்க.”

“அந்தப் பூக்காரம்மா சொன்னதும் ஆட்டோல ஏறுன இல்ல? வர்ற வழியில உனக்கு என்ன தோணுச்சு? முத முதல்ல. நாடகத்துல எம் பொண்டாட்டியா நடிக்கப் புதுசா வந்த பொண்ணுக்கு அந்த இடம் வரவே மாட்டேங்குது. புருஷன் வாய்க்கால்ல கெடக்குறான்னு வந்து சொல்வாங்க இல்ல, அப்ப அவ நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவுறா. அது பொய்யா இருக்கு. நெசமா என்ன வரும்னு அவளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு பாத்தேன்.”

வேறு ஒருத்தி என்றால் கோபம் வந்திருக்கும். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் எதையும் வேஷமாகப் பார்க்கிறவன். அவளையும் அப்படித்தான் பார்க்கிறான், அதில் வஞ்சகம் இல்லை. உண்மையைக் கேட்டான். கேட்காமலே இருந்திருந்தால் இன்றைக்கும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

“தூக்கம் வந்துச்சுங்க” என்றாள்.

அவன் சிரித்தான். “தூக்கமா?”

“ஆமா. இனிமே தூங்கலாம்னு தோணுச்சு. அழுகை அப்புறம்தான் வந்துச்சு. உங்களை நேர்ல பாத்தப்புறம்.”

சிரிப்பு அவன் முகத்திலிருந்து உடனே போகவில்லை. வாய் அப்படியே இருக்க, கண்ணிலிருந்து முதலில் இறங்கியது. இந்த முகத்தை அவள் எந்தத் திரையிலும் பெரிதாக்கிப் பார்த்ததில்லை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியது. மீசையில் பாதி நரை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

“திருச்சிதான்” என்றான். “எடுத்து... எடுத்துக் காதுல வையேன். கைய எடுத்தா இது வழுக்கிரும்.”

ஷோபனா மட்டையை வாளியில் போட்டாள். பசைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருப்பது விரலில் தட்டியது. அவனுடையது. போன் அவள் உள்ளங்கையில் கிடந்து அதிர்ந்தது. அவள் அதை அவன் காதுக்குக் கொண்டுபோகவில்லை.

“ஒரு வருஷம் நாடகம் வேண்டாங்க” என்றாள். “ஐப்பசியிலேருந்து கேக்கணும்னு இருக்கேன். என்னால முடியல. விட்டுருங்கன்னு சொல்லல. ஒரே ஒரு வருஷம், எந்த வேஷமும் போடாம, நீங்களா, என்கூட இருங்க.”

போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்க ஆரம்பித்தது. ராஜராஜன் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. பசை அவன் மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை ஒரு கோடாக வழிந்து, சொட்டுச் சொட்டாக அவன் செருப்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது.